ஏழாவது மூடி

வெள்ளிக்கிழமை காலையில் அவன் ஏழாவது மூடியைத் திறந்தபோது, லாரியில் ஏற்றி வந்த டைல்ஸ் பெட்டிகள் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே பின்னால் இருந்தன. கணக்குப்படி இந்த மூடியைத் திறக்கும் நேரத்தில் அவன் சரக்கை இறக்கி, திரும்பு லோடு ஏற்றி, ஊருக்கு அரை நாள் தூரத்தில் வந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் மூன்று நாளாக இந்தக் கிடங்கின் மதிலோரம், ஒரு மரத்தடியில், சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். மூடிக்குள் நான்காக மடித்த இருநூறு ரூபாய் இருந்தது. இதற்குப் பிறகு மூடி இல்லை.

அது மாத்திரை டப்பா. வாரத்துக்கு ஏழு அறை, ஏழு மூடி, மூடிக்கு மூடி கிழமையின் முதல் எழுத்து. காலையில் மாத்திரை போட்டோமா இல்லையா என்று மதியம் சந்தேகப்படுகிறவர்களுக்காக மருந்துக் கம்பெனிகள் இனாமாகக் கொடுப்பது. அவன் மனைவி மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கிறவள். பத்து மாத்திரை அட்டையில் மூன்று மட்டும் கேட்கிறவர்களுக்குக் கத்தரிக்கோலால் நறுக்கிக் கொடுத்துவிட்டு, மீதி ஏழிலும் காலாவதித் தேதி தெரிகிற மாதிரி எடுத்து வைக்கத் தெரிந்தவள். பணமும் அவளிடம் அப்படித்தான். மாதச் சம்பளம் கைக்கு வந்த அன்றே அது முப்பது துண்டாகிவிடும்.

அவன் அதற்கு முன் ஒன்பது வருஷம் தண்ணீர் கேன் வேன் ஓட்டினான். காலையில் கிளம்பினால் மாலையில் வீடு. மாதம் பிறந்தால் சம்பளம். இருபது லிட்டர் கேனைத் தோளில் வைத்து மாடி மாடியாக ஏறியதில் வலது தோள் இடதைவிட ஒரு விரல் இறங்கிப்போனதுதான் அந்த வேலையில் அவன் சேர்த்த சொத்து. கம்பெனி கைமாறி வேன்களை விற்றபோது கனரக லைசென்ஸ் எடுத்தான். இரண்டு மாதம் இன்னொருவரின் லாரியில் மாற்று டிரைவராகப் போய்வந்தான். அந்த நாள்களில் சீட்டு, கணக்கு, பேச்சுவார்த்தை எல்லாம் பெரிய டிரைவர் பார்த்துக்கொண்டார். போய்ச் சேர்ந்ததும் இவன் வேலை தூங்குவது. அதையும் குறை வைக்காமல் செய்தான். தனியாக ஒரு லாரியை நம்பிக் கொடுத்து அனுப்பியது இதுதான் முதல் நடை.

கிளம்புவதற்கு முந்தின நாள் முதலாளி வழிச்செலவுக்கென்று ஒரு கட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தை அடுக்கினாலும் அந்தக் கட்டின் பாதி உயரம் வராது.

"டீசல், டோல், பஞ்சர், இறக்குகூலி எல்லாம் இதுலதான். கிலோமீட்டருக்கு உண்டான சம்பளம் நடை முடிஞ்சதும் தனியா. இதுல மிச்சமானா உன்னோடது. கொறஞ்சாலும் உன்னோடதுதான்" என்றார் முதலாளி.

மனுஷ மனசு விசித்திரமானது. அந்தக் கடைசி வாக்கியம் அவன் காதில் விழவே இல்லை. சட்டைப்பை கனத்தால் நடையே மாறிவிடுகிறதே. வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு கடையில் டிரைவர் சீட்டுக்குப் போடும் ஜெல் மெத்தை விலை கேட்டான். கண்ணாடிக்கு ஓரத்தில் தொங்கவிடும் குஞ்சலம் விலை கேட்டான். யாருடைய லாரிக்கு யார் குஞ்சலம் கட்டுவது என்று கேட்க அங்கே ஆள் இல்லை. நல்ல வேளை, கடைக்காரர் பேரம் படியாத ஆள்.

வீட்டில் அவள் கட்டைக் கட்டில்மேல் வைத்துப் பார்த்தாள்.

"இதுல நம்ம காசு எதுங்க?"

"எல்லாம்தான்."

"ஒண்ணுமே இல்லைன்னு சொல்லுங்க" என்றாள்.

பிறகு உட்கார்ந்து பிரித்தாள். டீசலுக்கு ஒரு துணிப்பை. டோலுக்குப் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு. சாப்பாட்டுக்கு இந்த மாத்திரை டப்பா. சனிக்கிழமை கிளம்புகிறதால் 'ச'வில் ஆரம்பித்து 'வெ'யில் முடிகிற வாரம். "கடைக்கு வர்றவங்ககிட்ட சொல்றதையே உங்களுக்கும் சொல்றேன். ஒரு நாளைக்கு ஒண்ணு. நேத்து மறந்துட்டேன்னு இன்னைக்கு ரெண்டு போடக் கூடாது. நல்லா இருக்குன்னு நாளைக்கு உள்ளதையும் இன்னைக்கே முழுங்கக் கூடாது." எல்லாம் போக மூவாயிரம் மிஞ்சும் என்று கணக்குச் சொன்னாள். சம்பளம் ஆறாயிரம். ஆக ஒன்பதாயிரம். அந்த ஒன்பதாயிரத்துக்குத்தான் அவர்கள் இரண்டு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் குடியிருந்தது மனைவியின் அக்கா வீட்டில், பின்பக்கத்து ஒற்றை அறையில். அக்காவும் சகலையும் கெட்டவர்கள் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சகலைக்கு வாய்தான் கொஞ்சம் நீளம். "கேன் தூக்குனவரு இப்ப லாரியைத் தூக்கப் போறாராம்" என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். அதுகூடப் பெரிதில்லை. அவன் மகளுக்கு ஆறு வயது. சாயங்காலம் இருட்டியதும் சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "பெரியம்மா, லைட் போடட்டுமா?" என்று கேட்பாள். பெரியம்மா ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனாலும் பிள்ளை கேட்பாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கேட்கப் பழகிவிட்டாள். முதல் தடவை அதைக் கேட்டபோது அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறையுள்ள ஒரு வீடு காலியாக இருந்தது. முன்பணம் நாற்பதாயிரம். கையில் முப்பத்தோராயிரம் இருந்தது. "முப்பதாம் தேதி சாயங்காலம் வரைக்கும் உங்களுக்காக வெச்சிருப்பேன். அதுக்கு மேல கேக்காதீங்க, பின்னாடியே மூணு பேரு நிக்கிறாங்க" என்று சொல்லியிருந்தாள் வீட்டுக்காரம்மா.

இதை மனசில் வைத்துக்கொண்டுதான் அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். பசித்தால் மூடி திறந்தான். பசி போதாது என்று தோன்றினால் தண்ணீர் குடித்தான். இரண்டாம் நாள் ஒரு டயர் வெடித்தது. உள்டியூபோடு சேர்த்து ஆயிரத்துக்கு மேல் போனது. வழியில் ஒரு பாலத்தில் வேலை நடக்கிறதென்று சுற்றிப் போகச் சொன்னார்கள். டீசலில் ஐந்நூறுக்கு மேல் அங்கே புகைந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்குக் கிடங்குக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால் உள்ள கடைசி டோலைத் தாண்டினான். ஏழு மணிக்கு வந்து சேர்ந்தான். ஜன்னலில் சரக்குச் சீட்டைக் காட்டியதும் அறுபத்தொன்று என்று ஒரு வரிசை எண் எழுதிக் கொடுத்து, "கூப்பிடுவோம்" என்றார்கள்.

கிடங்குக்குள்ளே லாரிகள் நிறுத்த விசாலமான இடம் இருந்தது. நிழல் கொட்டகை, குழாய், கழிப்பறை எல்லாம் உண்டு. உள்ளே நிறுத்த நாளுக்கு நூற்றைம்பது. வெளியே மரத்தடி இலவசம். அவன் யோசிக்கவே இல்லை. லாரியைப் பின்னால் எடுத்து மரத்தடியில் ஒட்டி நிறுத்தினான். அன்றைக்கு மதியம் மனைவியிடம் போனில் அதைத்தான் முதலில் சொன்னான்.

"நாளுக்கு நூத்தம்பது மிச்சம். எல்லாரும் உள்ள கொண்டுபோய்க் கொட்டுறானுங்க. காசு அருமை தெரியாதவனுங்க."

"பரவாயில்லையே" என்றாள் அவள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவன் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தான்.

ஆனால் அறுபத்தொன்று வரவில்லை. உள்ளே சரக்கு வைக்க இடமில்லையாம். ஒரு நாளைக்குப் பத்து லாரிகூட இறங்கவில்லை. புதன் போனது. வியாழன் போனது. நிற்கிற லாரிக்கு ஓடுகிற லாரியைவிடச் செலவு அதிகம் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. குளிக்கக் காசு. குடிதண்ணீருக்குக் காசு. எதிர்பார்த்ததுக்கு மேல் இன்னும் நான்கு நாள் சாப்பாடு வேறு இருக்கிறது. இறக்குகிற ஆட்கள் முன்கூட்டியே வந்து, பெட்டி உடையாமல் இறக்க வேண்டுமானால் கூலி இவ்வளவு என்று முதலாளி சொன்னதைப்போல் இரண்டு மடங்கு பேசிவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை மாலை அவளும் அவனும் போனில் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது மிச்சம் என்ற மூவாயிரம் சுத்தமாகக் கரைந்திருந்தது.

"நான் வேணா வீட்டுக்காரம்மாகிட்ட ஒரு மாசம் தவணை கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள்.

"கெஞ்சாதே. நான் பார்த்துக்கிறேன்" என்றான். எப்படி என்று அவளும் கேட்கவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, அந்த ஏழாவது மூடியைத் திறந்து ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து நின்றபோதுதான், கேட்டுக்குள்ளிருந்து ஒரு டிரைவர் பல்குச்சியோடு வெளியே வந்தார். இரண்டு பக்கமும் கயிறு கட்டின மூக்குக்கண்ணாடி. இவன் வயதுதான் இருக்கும். மூன்று நாளாகப் பார்த்துச் சிரித்துக்கொள்கிற பழக்கம்.

"என்ன டிரைவரே, வெளியவே செட்டில் ஆயிட்டீங்க? நான் ரெண்டு நாளைக்கு வாங்கிட்டேன். இன்னைக்கும் இழுத்தா மூணு. இறங்காட்டியும் கவலை இல்லை" என்றார் கண்ணாடிக்காரர்.

"என்னத்தை வாங்கினீங்க?"

"நிறுத்தக்கூலிதான். சரக்கு அனுப்புன கம்பெனி தருமே. முதல் ஒரு நாள் கெடையாது. அதுக்கப்புறம் நாளுக்கு ஆயிரம், டிரைவர் கையில." இவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "உங்க சீட்டுல என்னைக்கு முத்திரை?"

இவன் தேதி இல்லாமல் அறுபத்தொன்று என்று மட்டும் எழுதின துண்டுக் காகிதத்தைக் காட்டினான்.

"அது வரிசை நம்பருங்க. கேட்டுக்குள்ள சக்கரம் ஏறுனாத்தானே மணி முத்திரை குத்துவான்? அதுலேருந்துதானே நாளே ஆரம்பிக்கும்?" கண்ணாடிக்காரர் டீ ஆறுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவன் ஜன்னலுக்கு ஓடினான். ஓடினான் என்பது அலங்காரத்துக்குச் சொல்வதில்லை. செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடந்தது. மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து டோல் சீட்டை எடுத்து ஜன்னலுக்குள் நீட்டினான்.

"சார், செவ்வாக்கிழமை காலைல ஆறு நாப்பதுக்கே டோல் தாண்டிட்டேன். இதுல மணி இருக்கு பாருங்க."

ஜன்னல்காரர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பொறுமையான மனிதர். "இது நீ டோலைத் தாண்டினதுக்குச் சாட்சிப்பா. இங்க வந்ததுக்கு இல்லை. நடுவுல பன்னெண்டு கிலோமீட்டர் இருக்கே. வழியில படுத்துத் தூங்கிட்டு வந்திருந்தா?"

"மூணு நாளாவா சார் தூங்குவாங்க?"

"என் மச்சினன் தூங்குவான்" என்றார் ஜன்னல்காரர், சிரிக்காமல். சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

புதன், வியாழன், வெள்ளி. மூவாயிரம். கரைந்துபோன அதே மூவாயிரம். வேறொரு வாசல் வழியாகத் தானே திரும்பி வந்து கதவைத் தட்டியிருக்கிறது; இவன்தான் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு திறக்காமல் இருந்திருக்கிறான். நானூற்றைம்பது மிச்சம் பிடித்து மூவாயிரத்தைத் தொலைத்திருக்கிறான். கடுகு போகிற இடத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவனுக்குப் பூசணிக்காய் போன இடம் தெரியவில்லை. காசு அருமை தெரியாதவன் யார் என்று இப்போது அந்த மரத்தைக் கேட்டால்கூடச் சொல்லும். ஆத்திரம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாததால் டயரை ஓர் உதை உதைத்தான். லாரி டயரை உதைத்தால் யாருக்கு வலிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உதைத்த காலைப் பிடித்துக்கொண்டு அவன் படியில் உட்கார்ந்திருந்தபோது கேன்காரர் வந்தார். மொபெட்டின் இரண்டு பக்கமும் இருபது லிட்டர் கேன்கள், கழுத்தில் மாலை மாதிரி ஒரு ரப்பர் குழாய். நின்றுகொண்டிருக்கிற லாரிகளிடம் டீசல் வாங்கிப் போகிறவர். மூன்று நாளாக அவர் வந்து போவதை இவன் பார்த்திருக்கிறான். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இன்றைக்குத் திருப்பவில்லை. அது போதும் அவருக்கு. வண்டியை நிறுத்திவிட்டு வந்து, டாக்டர் முதுகைத் தட்டுவது மாதிரி டேங்கை இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார்.

"நல்லா நிறைச்சு வெச்சிருக்கீங்களே" என்றார் மரியாதையாக. "லிட்டருக்கு எழுபத்தஞ்சு. ரெண்டு கேன் எடுத்துக்கிறேன். கையில காசு."

நாற்பது லிட்டர். மூவாயிரம். சில கணக்குகள் மனுஷனைக் கெடுப்பதற்கென்றே இவ்வளவு சரியாக வருகின்றன.

திரும்புகிற வழிக்குத்தான் அந்த டேங்க் நிறைந்திருந்தது. அதில் நாற்பது குறைந்தால் சாதாரணமாக ஓட்டி ஊர் போய்ச் சேர முடியாது. ஆனால் நடுவில் ஒரு மலை இருந்தது. வரும்போது முக்கி முனகி ஏறின மலை. போகும்போது முழுக்க இறக்கம். இறக்கத்தில் கியரை விடுவித்து நியூட்ரலில் விட்டுவிட்டால் லாரி தன் பாரத்திலேயே உருண்டு போகும், டீசல் குடிக்காது. மலை மட்டுமா, வழியெல்லாம் இருக்கிற சின்ன இறக்கங்களிலும் அப்படியே விட்டால் இரண்டு கேனும் தேறிவிடும். பெரிய டிரைவர் இதே மலையில் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறான். அப்போதெல்லாம் இவன் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வான். அந்த நடை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகளின் பொம்மைக் காரை அட்டைமேல் சரியவிட்டு மனைவிக்கு விளக்கினான். "கியர்ல இருந்தா எஞ்சினே வண்டியைப் பிடிச்சு நிறுத்தும். நியூட்ரல்ல விட்டா பிரேக்கு ஒண்ணுதான் கதி. அது சூடேறிப் போச்சுன்னா அதுவும் இல்லை. அந்த மலையில ஏழு இடத்துல ஓரச்சுவர் உடைஞ்சு கிடக்கு. பத்து லிட்டர் டீசலுக்காக உசுரை அடகு வைக்கிற முட்டாப்பசங்க" என்று சொன்னவன் இவன்தான்.

"எடுத்துக்கங்க" என்றான்.

குழாய் உள்ளே போனது. கேன்காரர் ஒரு தடவை உறிஞ்சித் துப்பினார். டீசல் கேனுக்குள் விழுகிற சத்தம் தண்ணீர் விழுகிற சத்தம் போலவே இருந்தது. ஒன்பது வருஷம் கேட்ட சத்தம். நிறைந்த கேனை மொபெட்டில் ஏற்ற இவனும் ஒரு கை கொடுத்தான், பழக்கம் விடவில்லை. பணத்தை வாங்கி மாத்திரை டப்பாவின் காலி அறைகளில் மடித்து மடித்து வைத்தான். மூவாயிரம் ஆறு அறையில் அடங்கியது. கேன்காரர் எதிர்ச்சாரியில் டீக்கடைப் பக்கம் போய் அடுத்த லாரிக்காக நின்றார்.

மதியம் ஒரு மணிக்கு அவளைக் கூப்பிட்டான். கடையில் கூட்டம் கேட்டது.

"ஒரு நிமிஷம் இருங்க... இது சாப்பாட்டுக்கு அப்புறம், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, சரியா பாட்டி... ம், சொல்லுங்க. சாப்பிட்டீங்களா?"

"அந்த மூவாயிரம் கிடைச்சிடுச்சு" என்றான்.

"எப்படிங்க?"

"இங்க நிறுத்தி வெச்ச நாளுக்குக் கம்பெனி கூலி தருது. நாளுக்கு ஆயிரம்."

"அடடே, நல்லதாப் போச்சு" என்றாள். குரலே வேறாகிவிட்டது. "சீட்டுக் குடுத்திருப்பாங்களே, பத்திரமா வெச்சுக்கங்க. நாளைக்கு முதலாளி ஏதாவது கேட்டாக் காட்டலாம். தேதி சரியாப் போட்டிருக்காங்களான்னு பார்த்தீங்களா?"

மருந்துக்கடைக்காரியிடம் வேறு எந்தப் பொய்யையாவது சொல்லியிருக்கலாம். தேதி என்ற சொல்லுக்கு முன்னால் அந்தப் பொய் நிற்கவில்லை. முதலில் முத்திரையைச் சொன்னான். பிறகு மரத்தடியைச் சொன்னான். கடைசியில் இரண்டு கேனையும் சொன்னான். அந்தப் பக்கம் கத்தரிக்கோல் அட்டையை நறுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"நாப்பது லிட்டர் இல்லாம வண்டி வந்து சேருமா?"

"பார்த்து ஓட்டினா சேரும்."

"பார்த்துன்னா?"

அவன் டேங்க் மூடியை இன்னும் ஒரு சுற்றுத் திருகி இறுக்கினான்.

"ஏழு இடத்துல சுவரு உடைஞ்சு கிடக்குன்னு சொன்னது நீங்கதானே" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பான். "அந்த வீட்டைப் பார்க்கப் போனப்ப நான் ஒண்ணே ஒண்ணுதாங்க பார்த்தேன். சுவிட்ச் பாப்பாவுக்கு எட்டுதான்னு. எட்டுது. நான் அவளை நிக்க வெச்சே பார்த்துட்டேன். ஆனா நீங்க வந்து சேராத வீட்டுல அவ லைட்டைப் போட்டு யாரைப் பார்ப்பா?"

அவன் மரத்தின் பட்டையைக் கிள்ளிக்கொண்டு நின்றான்.

"காசைத் திருப்பிக் குடுங்க. டீசலை வாங்குங்க. வீட்டுக்காரம்மா பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காங்க, திங்கட்கிழமைதான் வருவாங்க. நான் போய்க் கேக்கிறேன். முப்பத்தேழுக்குக் குடுத்தா குடுக்கட்டும், இல்லைன்னா போகட்டும். கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?" யாரோ கடையில் அவளைக் கூப்பிட்டார்கள். "வெச்சிடுறேன். சாப்பிட்டுட்டுப் போய் வாங்குங்க" என்றவள், "இல்லை, வாங்கிட்டுச் சாப்பிடுங்க" என்று திருத்தினாள்.

கேன்காரர் டீக்கடைப் பெஞ்சில்தான் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வரவில்லை. வியாபாரிக்கு எதற்குக் கோபம். "விக்கிறப்ப ஒரு விலை, வாங்குறப்ப ஒரு விலை. லிட்டருக்கு எண்பத்தஞ்சு. மூவாயிரத்து நானூறு" என்றார்.

"என்னோட டீசலையே எனக்கு விக்கிறீங்களே."

"மொபெட்ல ஏறினா அது என்னோடதுதானே தம்பி."

இவன் குனிந்து ஒரு கேனைத் தூக்கினான். இறக்கி வைத்தான். இன்னொன்றைத் தூக்கினான். அதை உடனே இறக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தான். "இதுல ஒரு லிட்டருக்கு மேல குறையுது" என்றான்.

"அதெப்படி?"

"ஒன்பது வருஷம் இருபது லிட்டர் கேன்தான் தூக்கினேன். டீசல் தண்ணியைவிட லேசுன்னு எனக்கும் தெரியும், அதைக் கழிச்சுட்டுத்தான் சொல்றேன். காலைல இதே கேனை நான்தான் ஏத்திவிட்டேன். நடுவுல யாருக்கோ ஊத்தியிருக்கீங்க."

டீக்கடைக்காரர் திரும்பிக்கொண்டு பாலைக் கிளறினார். அவருடைய டீசல் அடுப்பு புஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது. கேன்காரர் இவன் தோளைப் பார்த்தார், இறங்கியிருந்த வலது தோளை. "மூவாயிரத்து முந்நூறு" என்றார். அதற்கு மேல் அவர் இறங்கவில்லை, இவனும் இழுக்கவில்லை. ஆறு அறையையும் காலி செய்து, மிச்சம் பிடித்த நானூற்றைம்பதிலிருந்து முந்நூறையும் சேர்த்துக் கொடுத்தான். கையில் நூற்றைம்பது நின்றது. டேங்கின் வாயில் துணியை விரித்து, அவனே கேனைச் சாய்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும் தட்டி ஊற்றினான்.

பிறகு கல்லை எடுத்துப் போட்டுவிட்டு லாரியைக் கிளப்பி, அந்த நூற்றைம்பதைக் கட்டி, கேட்டுக்குள் ஏறினான். முத்திரை விழுந்தது. வெள்ளி, பிற்பகல் இரண்டு பத்து. சனிக்கிழமை காலையிலேயே அறுபத்தொன்றைக் கூப்பிட்டுவிட்டார்கள், அதனால் அந்த முத்திரைக்கு ஒரு காசுகூடப் பெறுமானம் இல்லை. இருந்தாலும் சீட்டை மடித்து 'வெ' என்று போட்ட அறையில் வைத்து மூடினான்.

திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு அவன் மலை உச்சியில் இருந்தான். பின்னால் பழைய காகிதக் கட்டுகள், ஏற்றக்கூடிய அளவுக்கு ஏற்றியிருந்தார்கள். உச்சியில் ஓரமாக நிறுத்தி, இறங்கி, சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தான். ஏறி உட்கார்ந்து இரண்டாவது கியரில் போட்டான். எஞ்சின் பிடிவாதமாக உறுமிக்கொண்டு வண்டியைப் பின்னுக்கு இழுத்தது. வேகமுள் இருபதைத் தாண்டவில்லை. முதல் வளைவு முடிவதற்குள் பின்னால் நாலு வண்டி சேர்ந்தன. மூன்றாவது வளைவில் பத்துப் பன்னிரண்டு. ஹாரனில் எத்தனை வகை திட்டு உண்டோ அத்தனையும் கேட்டது. ஒரு லாரிக்காரன் ஏறக்குறைய சத்தமே இல்லாமல் உருண்டு வந்து, இவனைத் தாண்டும்போது தலையில் அடித்துக்கொண்டு காட்டினான். எஞ்சின் சத்தம் இல்லாமல் அவ்வளவு பெரிய வண்டி போனது. அதன் பின்பக்க விளக்கு அடுத்த வளைவில் மறைகிற வரைக்கும் இவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

உடைந்த சுவர்களை எண்ணிக்கொண்டே இறங்கினான். ஒன்று. இரண்டு. நாலாவது சுவரைத் தாண்டியபோது பக்கத்து சீட்டில் கிடந்த போன் அடித்தது. திரையில் 'வீடு' என்று இருந்தது. கல்யாணம் ஆன வாரத்தில் அவள் நம்பரை அப்படித்தான் பதிந்து வைத்தான், மாற்றவே இல்லை. இந்நேரம் அவள் வீட்டுக்காரம்மா வாசலிலிருந்துதான் பேசுவாள். கொடுத்தார்களா, இல்லையென்று சொல்லிவிட்டார்களா, இரண்டில் ஒன்று அந்தச் சின்னப் பெட்டிக்குள் கிடந்து அதிர்ந்துகொண்டிருந்தது. கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். அவன் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

அடித்து ஓய்ந்தது. ஐந்தாவது சுவருக்குப் பக்கத்தில் மறுபடியும் அடித்தது. டேஷ்போர்டில் மாத்திரை டப்பாவின் காலி மூடிகள் எஞ்சின் அதிர்வில் கடகடவென்று ஆடின, 'வெ' என்ற ஒன்றைத் தவிர. அடிவாரம் ஒன்பது கிலோமீட்டர் என்று எழுதிய கல் மெதுவாக வந்து, மெதுவாகப் பின்னால் போனது.